சின்சினி

ராஜஸ்தானின் கிழக்கு எல்லையில், டீக் நகருக்கு அருகே உள்ள சிற்றூர் சின்சினி. ஜாட் மக்களின் சின்சின்வார் கோத்திரம் இவ்வூரின் பெயரைத் தாங்கியது. பரத்பூரை ஆண்ட அரச மரபும் அந்தக் கோத்திரத்தைச் சேர்ந்ததே. முகலாயரின் வலிமை மிக்க இரு நகரங்களான தில்லியையும் ஆக்ராவையும் இணைத்த பெருவழிக்கு எட்டும் தூரத்தில் இருந்த ஓர் உழவர் ஊர் அரச மரபுக்கு வேரானதற்கு, நிலவரி முறையே முதன்மைக் காரணம்.

விளைச்சலில் ஏறத்தாழ பாதி வரை அரசுக்கு வரியாகப் போனது. அதை வசூலித்த ஜாகீர்தார்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்பட்டதால், நிலத்தின் வளத்தைப் பேணுவதில் அவர்களுக்கு அக்கறை இல்லை. 1669இல் மதுரா வட்டாரத்தில் கோகுலாவின் தலைமையில் ஜாட் உழவர்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர் கொல்லப்பட்ட பின்னும் அந்தப் பகை அடங்கவில்லை. 1680களில் சின்சினியின் ராஜாராம் அதற்குத் தலைமை ஏற்றார். உழவர்களுக்கு ஆயுதப் பயிற்சி அளித்து, புதர்க்காடுகளுக்குள் மண்கோட்டைகள் எழுப்பினார். 1688இல் சிக்கந்தராவில் உள்ள அக்பரின் கல்லறை சூறையாடப்பட்டது. அதே ஆண்டு ராஜாராம் போரில் மாண்டார். 1690இல் சின்சினி கோட்டையும் வீழ்ந்தது.

பாரசீக மொழியில் எழுதிய வரலாற்றாசிரியர்கள் இந்த ஜாட் கிளர்ச்சியாளர்களைக் கொள்ளையர் என்றே குறிப்பிட்டனர். வழிப்பறி நடந்தது உண்மைதான். ஆனால் வெறும் கொள்ளைக் கூட்டத்தை அடக்க ஔரங்கசீப்பின் பேரன் பீதார் பக்தும் ஆம்பேர் அரசர் பிஷன் சிங்கும் படை நடத்த வேண்டியிருந்திராது. இந்தக் கிளர்ச்சி முழுக்க மதப் போர் என்பாரும் உண்டு. மதுராவின் கேசவராய் கோயில் 1670இல் இடிக்கப்பட்டது சினத்தை வளர்த்திருக்கும். எனினும் சின்சினியை முற்றுகையிட்ட பிஷன் சிங் இந்து ராஜபுத்திரர். ராஜாராமின் குடும்பத்தைச் சேர்ந்த சூராமனோ பின்னாளில் முகலாயரிடம் மன்சப் என்னும் அரசுப் பதவி பெற்றார். மதத்தை மட்டும் கொண்டு இவ்விரண்டையும் விளக்க முடியாது. தலைவர்கள் ஜமீன்தார்கள், தம் ஆட்சிக்காகவே போரிட்டனர் என்ற மறுப்பில்தான் வலு உண்டு. பரத்பூர் அரசும் உழவரிடம் வரி வாங்கியே நடந்தது. ஆனாலும் வரிச்சுமையில் வாடிய உழவர்கள் திரண்டிராவிட்டால் அந்தத் தலைவர்களுக்குப் படையே இருந்திராது.

கோட்டை வீழ்ந்தபின் அதிகாரம் தூன், டீக், பரத்பூர் என இடம் மாறியது. சூராமனின் உறவினர் பதன் சிங் 1722க்குப் பின் டீக்கை வளர்த்தார். அவர் மகன் சூரஜ்மல் 1761இல் ஆக்ரா கோட்டையையே கைப்பற்றினார். 1805இல் ஆங்கிலேயத் தளபதி லேக் பிரபுவின் தாக்குதல்களைத் தாங்கிய பரத்பூர் கோட்டையையே வரலாற்று நூல்கள் பெரிதும் போற்றுகின்றன. அந்த அரசின் வரலாறு சின்சினியின் வயல்களிலிருந்தே தொடங்கப்பட வேண்டும்.