பாண்டியன் வாங்கிய குதிரையும் குட்டி போட்ட பெட்டையும்

நரியைப் பரியாக்கிய கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பணத்தை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழிச்சிட்டார். கதையில் எனக்கு உறுத்துவது வேற விஷயம். ராஜாவுக்குக் குதிரை வேணும்னா எதுக்குக் கடற்கரைக்கு ஆள் போகணும்? நாட்டுக்குள்ளயே குட்டி போடாதா?

பட்டினப்பாலை பாடின காலத்திலேயே புகார்த் துறையில் குதிரை கடல் வழியா வந்து இறங்கியிருக்கு. அதுக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல கழிச்சு, 1290-கள்ல இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோவும் அதையேதான் பார்த்தார். ராஜா வருஷத்துக்கு ரெண்டாயிரத்துக்கு மேல வாங்குறார், அவர் சகோதரர்களும் வாங்குறாங்க, வருஷக் கடைசியில் நூறு கூட மிஞ்சுறதில்லைன்னு எழுதி வெச்சிருக்கார். லாடம் அடிக்கிறவங்களை வியாபாரிகள் இந்தப் பக்கம் வரவே விடலையாம். குதிரை பிழைச்சுக்கிட்டா அவங்க வியாபாரம் என்ன ஆவுறது! பாரசீகத்து வஸ்ஸாஃப் சொல்ற கணக்கு வருஷத்துக்கு 10,000 குதிரை, ஒண்ணு 220 பொன் தினார். கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். ஆனா போன பொன் கொஞ்சநஞ்சமில்லை.

மார்க்கோ போலோ இன்னொண்ணும் சொல்றார். நல்ல ஆண் குதிரையை நல்ல பெட்டையோட சேர்த்தாலும் இங்கே கால் கோணின, ஏறி ஓட்ட உதவாத குட்டிதான் பிறக்குதாம். படிச்சவங்க இதைச் சீதோஷ்ணம்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. எனக்குத் தீனி மேலதான் சந்தேகம். சோறும் வேகவெச்ச கறியும் போட்டாங்கன்னு அவரே எழுதியிருக்கார். ரெண்டிலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் ரொம்பக் கம்மி. பெட்டை பதினொரு மாசம் சுமக்குது. கடைசி மூணு மாசத்துலதான் குட்டிக்கு எலும்பு கட்டுது. பிறகு தினமும் தன் உடம்பு எடையில் நூத்துக்கு மூணு பங்கு பால். தீனியில் சுண்ணாம்புச் சத்து இல்லைன்னா தன் எலும்பைக் கரைச்சுத்தான் கொடுக்கும்.

இன்னொரு காரணம் பொறுமை. சினை முத்தின பிறகு மூணு மாசம், குட்டி போட்ட பிறகு ஆறு மாசம், பெட்டை முழு வேலைக்கு ஆகாது. குட்டி மேல ஆள் ஏற நாலு வயசாகணும். சண்டைக்கு நிக்கிற ராஜா அத்தனை நாள் காத்திருப்பாரா? பொன்னை எடுத்துக் கொடுத்துட்டார்.

காத்திருக்கத் துணிஞ்சது கம்பெனிக்காரன்தான். படைக்குக் குதிரை வளர்க்க 1824-ல் ஓசூர் பக்கத்துல மத்திகிரியில் பண்ணை போட்டான். மூவாயிரம் அடி உயரம், குளிர்ச்சி, ராகியும் கொள்ளும் விளையற சீமை. தானியத்துல ராகி அளவுக்குக் கால்சியம் வேற எதுல இருக்கு? 1,600 ஏக்கருக்கு மேல இருக்கிற அந்தப் பண்ணை இன்னிக்கு அரசு கால்நடைப் பண்ணை.

எங்க ஜவ்வாது மலையும் ஏறக்குறைய அதே வாகுதான். ராகி, சாமை, கொள்ளு. எங்க மட்டக்குதிரை ஆவணியில் குட்டி போட்டது. முதல் மாசம் சும்மா மேய விட்டோம். ரெண்டாம் மாசம் கயித்தைப் பிடிச்சு நடை மட்டும். குட்டி கூடவே வரும். பிரசவத்துக்காக இடுப்பு மூட்டுக் கட்டெல்லாம் இளகியிருக்கும், வயித்துத் தசை தொங்கியிருக்கும். பழைய சேணம் முதுகுல உக்காரவே இல்லை, அடியில் ரெண்டு சாக்கு மடிச்சுப் போட்டேன். கார்த்திகையில்தான் ஏறினேன், அதுவும் மேட்டுப் பாதையில் கால் மணி நேரம். இறக்கத்துல நான் இறங்கி நடந்துடுவேன். இடுப்பு வாங்குறது அங்கேதான். தார் ரோட்டுக்குக் குட்டியைக் கூட்டிட்டுப் போறதில்லை, பிஞ்சுக் கால் தாங்காது.

இப்போ தை. மாசியில் புளி உலுக்க ஆரம்பிச்சா ஜமுனாமரத்தூருக்கு மூட்டை இறக்கணும். வண்டி வாடகை கேட்டாலே பகீர்ங்குது. ஆனா குட்டி இன்னும் பால் மறக்கலை. முதல் நடைக்கு வண்டிதான் வெச்சாகணும்.