தென்னாப்பிரிக்க நிறவெறி எதிர்ப்பும் அதற்குக் கிடைத்த பதில்களும்

1948 மே மாதத் தேர்தலில் டி.எஃப். மலான் தலைமையிலான தேசியக் கட்சி தென்னாப்பிரிக்காவில் ஆட்சியைப் பிடித்தது. நிறப் பாகுபாடு அந்த நாட்டுக்கு அன்று புதிதல்ல. 1913-ஆம் ஆண்டின் நிலச் சட்டமே நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 7 விழுக்காட்டை மட்டும் ஆப்பிரிக்கர்களுக்கு ஒதுக்கிவிட்டு, மற்ற இடங்களில் அவர்கள் நிலம் வாங்கத் தடை போட்டிருந்தது. வழக்கமாகவும் நகராட்சி விதியாகவும் சிதறிக் கிடந்த பாகுபாட்டைத் திரட்டி ஒரே சட்டக் கட்டுமானமாக எழுப்பியதுதான் புதிய அரசின் வேலை. 1949-இல் கலப்பு மணம் தடைசெய்யப்பட்டது. 1950-இல் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் இன்ன இனம் என்று பதிந்தது. அதே ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் எந்த இனம் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று வரையறுத்தது. 1953-இல் பள்ளிக்கூடமும் பூங்கா பெஞ்சும்கூடச் சட்டப்படி பிரிந்தன. ஆப்பிரிக்கர்கள் நகரத்தில் நடமாட எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய பாஸ் புத்தகம் 1952-இல் நாடு முழுவதற்கும் ஒரே வடிவில் வந்தது. அதைக் கொண்டுவந்த சட்டத்தின் பெயர் பாஸ் ஒழிப்புச் சட்டம் என்பதை அந்த ஆட்சியின் நகைச்சுவை உணர்வுக்குச் சான்றாகக் கொள்ளலாம்.

எதிர்ப்பு இதற்கெல்லாம் மூத்தது. 1912-இல் புளூம்ஃபொன்டைனில் தொடங்கிய ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் முதல் முப்பது ஆண்டுகளை மனு எழுதுவதிலும் லண்டனுக்குத் தூது அனுப்புவதிலும் கழித்தது. நெல்சன் மண்டேலா, வால்டர் சிசுலு, ஆலிவர் தாம்போ முதலியோர் 1944-இல் அமைத்த இளைஞர் அணிதான் அதைத் தெருவுக்கு இழுத்து வந்தது. தெருவில் இறங்குவது எப்படி என்பதற்கு அருகிலேயே ஒரு பாடம் இருந்தது. இந்தியர்கள் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்திய 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து, டர்பன் நகரில் அம்பிலோ சாலையும் கேல் தெருவும் சந்திக்கும் மூலையில், வெள்ளையருக்கென ஒதுக்கிய மனையில் சத்தியாக்கிரகிகள் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். வெள்ளை இளைஞர் கும்பல் கூடாரங்களைப் பிய்த்தெறிந்தது. மறுநாள் புதிய கூடாரம் முளைத்தது. இரண்டாண்டுகளில் சுமார் 2,000 பேர் சிறை சென்றனர். இதை நடத்திய மருத்துவர்களான மோன்டி நாயக்கர், யூசுஃப் தாதூ இருவரும் 1947 மார்ச்சில் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் தலைவர் சூமாவுடன் கூட்டு உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். பின்னாளில் எல்லா இனத்தாரும் சேர்ந்து நின்ற கூட்டணிக்கு விதை இது.

வெளியுலகின் முதல் பதிலும் இந்தப் போராட்டத்துக்குத்தான் கிடைத்தது. விடுதலைக்கு ஓராண்டு இருக்கும்போதே இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முறித்துக்கொண்டு, அப்போதுதான் பிறந்திருந்த ஐ.நா. சபையில் புகார் கொடுத்தது. பொதுச்சபையில் எதிர்த்து வாதாடியவர் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ். ஐ.நா. சாசனத்தின் முகவுரையை எழுதுவதில் பங்கு கொண்டவரும் அவரே. தமது உள்நாட்டு விவகாரத்தில் தலையிட யாருக்கும் உரிமை இல்லை என்று அவர் சொன்ன வாதத்தைத்தான் அடுத்துவந்த எல்லா அரசுகளும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தன. பிரிட்டன் போன்ற நாடுகள் முதல் பதினைந்து ஆண்டுகள் அதை ஏற்றும் கொண்டன.

1952 ஜூன் 26 அன்று சட்டமறுப்பு இயக்கம் தொடங்கியது. விடியற்காலையில் போர்ட் எலிசபெத் நகரின் நியூ பிரைட்டன் ரயில் நிலையத்தில், ரேமண்ட் ம்லாபா தலைமையில் ஒரு குழு வெள்ளையருக்கு மட்டுமான வாயில் வழியாக உள்ளே நுழைந்து கைதானது. நீதிமன்றம் விதித்த சிறு அபராதத்தைக் கட்ட மறுத்துச் சிறைக்குப் போவதே திட்டம். சில மாதங்களில் 8,000-க்கு மேற்பட்டோர் இப்படிக் கைதாயினர். ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் உறுப்பினர் எண்ணிக்கை 7,000-இலிருந்து ஒரு லட்சத்துக்கு ஏறியதாகக் கணக்கு. அடுத்த ஆண்டே அரசு புதிய சட்டம் போட்டது. எந்தச் சட்டத்தையும் எதிர்ப்பைக் காட்டும் நோக்கோடு மீறினால் மூன்றாண்டுச் சிறை, கசையடி. பூங்கா பெஞ்சில் களைத்து உட்கார்ந்தவனைவிடக் கொள்கைக்காக உட்கார்ந்தவன் பெரிய குற்றவாளி ஆனான். இயக்கம் அதோடு நின்றது. போராட்டம் எந்த வழியில் வந்ததோ அந்த வழியை அடைக்க ஒரு சட்டம், பிறகு போராட்டம் வேறு வழி தேடுவது: அடுத்த நாற்பதாண்டு வரலாறு பெரும்பாலும் இந்தத் தடத்தில்தான் ஓடியது.

1955 ஜூன் இறுதியில் ஜோகன்னஸ்பர்க் அருகே கிளிப்டவுனில் ஏறத்தாழ 3,000 பிரதிநிதிகள் கூடி, நாடு அதில் வாழும் எல்லாருக்கும் உரியது என்னும் அடிப்படையில் சுதந்திர சாசனத்தை நிறைவேற்றினார்கள். இரண்டாம் நாள் பிற்பகலில் போலீஸ் மைதானத்தைச் சூழ்ந்துகொண்டு, கண்ணில் பட்ட காகிதத்தையெல்லாம் அள்ளிச் சென்றது. அடுத்த ஆண்டு டிசம்பரில் 156 பேர் மீது தேசத்துரோக வழக்குப் பதிவானது. விசாரணையின் முதல் நாளில் குற்றம் சாட்டப்பட்டவர்களை நீதிமன்ற மண்டபத்துக்குள்ளேயே கம்பிவலைக் கூண்டில் அடைத்திருந்தார்கள். வழக்கறிஞர்கள் வெளிநடப்பு செய்வோம் என்று எச்சரித்த பிறகே அது அகற்றப்பட்டது. அரசுத் தரப்புச் சான்றுகளில் மாநாட்டுச் சாப்பாட்டுக் கடையில் தொங்கிய இரண்டு அட்டைகளும் இருந்தன. ஒன்றில் இறைச்சி போட்ட சூப் என்றும் மற்றதில் இறைச்சி இல்லாத சூப் என்றும் எழுதியிருந்தது. நான்காண்டுக்கு மேல் இழுத்த வழக்கு 1961 மார்ச்சில் எஞ்சிய அனைவரின் விடுதலையோடு முடிந்தது. நீதிமன்றங்களை நம்பி எதிர்ப்பை ஒடுக்க முடியாது என்ற பாடத்தை அரசு அதில் கற்றுக்கொண்டது.

இதற்கிடையில், பெண்களுக்கும் பாஸ் புத்தகம் என்ற அறிவிப்பை எதிர்த்து 1956 ஆகஸ்ட் 9 அன்று சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் அரசுத் தலைமையகத்தில் மனுக்களை வைத்துவிட்டு அரை மணி நேரம் வாய் திறக்காமல் நின்றார்கள். 1957-இல் அலெக்சாண்ட்ரா குடியிருப்பு மக்கள் பேருந்துக் கட்டணம் நாலு பென்னியிலிருந்து ஐந்தாக உயர்ந்ததை எதிர்த்து மாதக்கணக்கில் ஜோகன்னஸ்பர்க்குக்கு நடந்தே வேலைக்குப் போனார்கள்.

1960 மார்ச் 21 அன்று நடந்தது எல்லாவற்றையும் மாற்றியது. ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசிலிருந்து ராபர்ட் சொபுக்வே தலைமையில் பிரிந்து சென்ற அகில ஆப்பிரிக்கக் காங்கிரஸ், பாஸ் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போய்க் கைது செய்யச் சொல்லும்படி மக்களை அழைத்திருந்தது. ஷார்ப்வில் காவல் நிலையத்தின் வேலிக்கு வெளியே கூடியிருந்தவர்கள் மீது போலீஸ் சுட்டதில் 69 பேர் இறந்தனர். பலருக்கும் முதுகில் குண்டு பாய்ந்திருந்தது. சில நாளில் நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. சுமார் 18,000 பேர் சிறைப்பட்டனர். ஏப்ரல் 8 அன்று இரண்டு இயக்கங்களும் தடை செய்யப்பட்டன. ஐ.நா. பாதுகாப்புச் சபை முதல்முறையாகத் தென்னாப்பிரிக்க அரசைக் கண்டித்தது. பிரிட்டனும் பிரான்சும் அந்த வாக்கெடுப்பில் ஒதுங்கி நின்றன. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஆனால் அரசு நிலைமையைக் கட்டுக்குள் கொண்டுவந்ததும் திரும்பிவிட்டார்கள். அறுபதுகளில் அந்த நாட்டுப் பொருளாதாரம் வேகமாக வளர்ந்தது என்பதை மறக்கலாகாது. 1961-இல் தென்னாப்பிரிக்கா குடியரசாகி, ஆசிய, ஆப்பிரிக்க உறுப்பு நாடுகளின் எதிர்ப்பைச் சந்திக்க மனமின்றிக் காமன்வெல்த்திலிருந்து வெளியேறியது.

அமைதி வழிகள் அடைபட்ட பின் 1961 டிசம்பர் 16 அன்று ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் ‘உம்கொன்ட்டோ வெ சிஸ்வே’ என்னும் ஆயுதப் பிரிவின் முதல் குண்டுகள் வெடித்தன. இலக்கு மின்கம்பங்களும் அரசுக் கட்டடங்களும். உயிர்ச்சேதம் கூடாது என்பது அப்போதைய விதி. 1963 ஜூலையில் ரிவோனியாவில் ஒரு பண்ணை வீட்டில் தலைவர்கள் பலர் பிடிபட்டனர். அவர்களை விடுவிக்கக் கோரும் தீர்மானம் அக்டோபரில் ஐ.நா. பொதுச்சபையில் 106 வாக்குகளோடு நிறைவேறியது. எதிர்த்து விழுந்த ஒரே வாக்கு தென்னாப்பிரிக்காவுடையது. தூக்குத் தண்டனை எதிர்பார்க்கப்பட்ட வழக்கில் 1964 ஜூன் 12 அன்று மண்டேலா உட்பட எட்டுப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

அதன்பின் சட்டமே நீதிமன்றத்தைச் சுற்றிக்கொண்டு போனது. 1963-இல் விசாரணையின்றி 90 நாள் காவல், 1965-இல் 180 நாள், 1967-இல் கால வரம்பே இல்லை. சொபுக்வேயின் மூன்றாண்டுத் தண்டனை முடிகிற நேரத்தில், தண்டனை முடிந்தவரையும் ஆண்டுக்கு ஆண்டு நீட்டித்து வைத்திருக்க வழி செய்யும் பிரிவை நாடாளுமன்றம் இயற்றியது. அது அவர் ஒருவர் மீது மட்டுமே பயன்படுத்தப்பட்டது; ராபன் தீவில் தனி வீட்டில் ஆறாண்டு இருந்தார். காவலில் இறந்தவர்கள் மாடியிலிருந்து குதித்தார்கள், குளியலறையில் வழுக்கினார்கள், தூக்கு மாட்டிக்கொண்டார்கள் என்றெல்லாம் அறிக்கைகள் வந்தன. 1971 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க் போலீஸ் தலைமையகத்தின் பத்தாம் மாடியிலிருந்து விழுந்து இறந்த ஆசிரியர் அகமது திமோல் தற்கொலை செய்துகொண்டார் என்று மறு ஆண்டு தீர்ப்பானது. அது கொலை என்று இன்னொரு நீதிமன்றம் சொன்னது 2017-இல்.

வெளியுலகின் நிலை இரண்டாகப் பிரிந்து கிடந்தது. 1962-இல் பொதுச்சபை தூதரக, வணிக உறவுகளை முறிக்கும்படி உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டு, நிறவெறிக்கு எதிரான சிறப்புக் குழுவையும் அமைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஈ.எஸ். ரெட்டி அதன் செயலராக இருந்து, அடுத்த இருபதாண்டு ஐ.நா.வுக்குள் இந்தப் பிரச்சினை தூங்கிவிடாமல் பார்த்துக்கொண்டார். ஆனால் தங்கமும் வைரமும் யுரேனியமும் வாங்கிய, முதலீடு போட்டிருந்த பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ் முதலிய நாடுகள் கண்டனத்தோடு நின்றுகொண்டன. 1974-இல் தென்னாப்பிரிக்காவை ஐ.நா.விலிருந்தே வெளியேற்றும் தீர்மானத்தை இம்மூன்று நாடுகளும் சேர்ந்து வீட்டோ செய்தன. கம்யூனிசத்துக்கு எதிரான அரண் என்று பிரிட்டோரியா தன்னைக் காட்டிக்கொண்டது அங்கே எடுபட்டது.

அரசுகள் தயங்கிய இடத்தில் விளையாட்டுக் களம் முந்திக்கொண்டது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே தென்னாப்பிரிக்காவுக்கு இடமில்லை. 1970-இல் ஒலிம்பிக் இயக்கத்திலிருந்து அது நீக்கப்பட்டது. 1974 டேவிஸ் கோப்பை டென்னிஸில் விஜய், ஆனந்த் என்னும் சென்னை அமிர்தராஜ் சகோதரர்கள் ஆடிய இந்திய அணி இறுதிக்கு வந்தது. எதிரணி தென்னாப்பிரிக்கா. இந்தியா ஆட மறுத்ததால் கோப்பை ஆட்டமின்றியே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. கொள்கைக்கு விலை கொடுத்த நாடுகளின் பட்டியலில் இது சின்ன விலைதான். ஆனால் பந்தயத்தில் இருந்த இளைஞர்களுக்குச் சின்னதல்ல.

உள்நாட்டில் பத்தாண்டு மௌனத்தை உடைத்தவர்கள் தொழிலாளர்கள். 1973 ஜனவரியில் டர்பனில் ஒரு செங்கல் சூளைத் தொழிற்சாலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் நகரெங்கும் பரவியது. அதன் தொடர்ச்சியாக 1979-இல் கறுப்பினத் தொழிற்சங்கங்களை அரசு அங்கீகரிக்க நேர்ந்தது. 1976 ஜூன் 16 அன்று, பாதிப் பாடங்களை ஆஃப்ரிகான்ஸ் மொழியில் படிக்க வேண்டும் என்ற உத்தரவை எதிர்த்து சோவெட்டோ மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். போலீஸ் சுட்டதில் ஹெக்டர் பீட்டர்சன் என்னும் சிறுவன் இறந்தான். சக மாணவர் ஒருவர் அவனைக் கையில் ஏந்தி ஓடும் புகைப்படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. கலவரம் நாடெங்கும் பரவி, அரசு அமைத்த ஆணையத்தின் கணக்குப்படியே 575 பேர் இறந்தனர். ஆயிரக்கணக்கான இளைஞர்கள் எல்லை தாண்டிப் போய் ஆயுதப் பயிற்சி பெற்றனர். கறுப்பின விழிப்புணர்வு இயக்கத்தின் ஸ்டீவ் பீகோ 1977 செப்டம்பரில், தலையில் அடிபட்ட நிலையில், ஆடையின்றி போலீஸ் வண்டியில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கொண்டுசெல்லப்பட்டு இறந்தார். நவம்பர் 4 அன்று பாதுகாப்புச் சபை ஆயுதத் தடையைக் கட்டாயமாக்கியது. உறுப்பு நாடொன்றின் மீது இப்படிச் செய்தது அதுவே முதல்முறை.

பி.டபிள்யூ. போத்தாவின் அரசு எண்பதுகளில் இரு கைகளாலும் விளையாடிப் பார்த்தது. ஒரு கையில் சீர்திருத்தம்: கலப்பினத்தவருக்கும் இந்தியர்களுக்கும் தனித்தனி அவைகள் கொண்ட மூவவை நாடாளுமன்றம். பெரும்பான்மையான ஆப்பிரிக்கர்களுக்கு அதில் இடமே இல்லை. இந்த வலையில் விழ வேண்டாம் என்று 1983-இல் ஐக்கிய ஜனநாயக முன்னணி உருவாயிற்று. மறு ஆண்டுத் தேர்தலில் இந்திய வாக்காளர்களில் சுமார் ஐந்தில் ஒருவர்தான் வாக்களித்தார். மறு கையில் துப்பாக்கி: 1985-இல் பகுதியளவிலும் 1986 ஜூனில் நாடு முழுவதும் நெருக்கடி நிலை, குடியிருப்புகளுக்குள் ராணுவம், அண்டை நாட்டுத் தலைநகரங்களில் திடீர்த் தாக்குதல், மபூட்டோவில் எழுத்தாளர் ரூத் ஃபர்ஸ்ட்டைக் கொன்ற பார்சல் குண்டு.

இந்தக் காலத்தில்தான் வெளியுலகம் பேச்சை விட்டுக் காரியத்துக்கு வந்தது. அதுவும் மேலிருந்து வரவில்லை. 1984 ஜூலையில் டப்ளின் நகரில் மேரி மேனிங் என்னும் கடைப் பணிப்பெண், சங்கத்தின் முடிவுப்படி, தென்னாப்பிரிக்கப் பழத்துக்குப் பில் போட மறுத்ததால் வேலையிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். சக ஊழியர்கள் உடன் வெளியேறி இரண்டரை ஆண்டுக்கு மேல் கடை வாசலில் மறியல் செய்தார்கள். முடிவில் அயர்லாந்து அரசு தென்னாப்பிரிக்க விளைபொருள்களுக்குத் தடை விதித்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் முதலீட்டை விலக்கக் கோரினார்கள். பெரிய அடி வங்கிகளிடமிருந்து வந்தது. 1985-இல் சேஸ் மன்ஹாட்டன் வங்கி குறுகிய காலக் கடனைப் புதுப்பிக்க மறுத்தது; ஆகஸ்ட் 15 அன்று பெரிய மாற்றத்தை அறிவிப்பார் என்று உலகம் எதிர்பார்த்த போத்தா விறைப்பாகப் பேசி ஏமாற்ற, ராண்ட் மதிப்பு சரிந்து, கடன் தவணைகளை நிறுத்திவைக்கும் நிலை வந்தது. 1986-இல் ரீகனின் வீட்டோவை மீறி அமெரிக்க நாடாளுமன்றம் பொருளாதாரத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. தாட்சரின் பிரிட்டன் கடைசி வரை கடுமையான தடைகளுக்கு இசையவில்லை. அதே ஆண்டு பாஸ் சட்டங்கள் ரத்தாயின.

நெருக்கடி நிலையால் எதிர்ப்பை அடக்கவும் முடியவில்லை, கடன் வாங்கி நாட்டை நடத்தவும் முடியவில்லை. பனிப்போர் தணிந்ததும் கம்யூனிச அபாயம் என்ற கடைசிச் சாக்கும் போனது. 1990 பிப்ரவரி 2 அன்று, போத்தாவுக்குப் பின் குடியரசுத் தலைவரான எஃப்.டபிள்யூ. டி கிளார்க் தடை செய்யப்பட்ட இயக்கங்களுக்கு அனுமதி அளித்தார். 11 அன்று மண்டேலா 27 ஆண்டுகளுக்குப் பின் விடுதலையானார். அடுத்த நான்காண்டுகள் பேச்சுவார்த்தையோடு ரத்தக்களரியும் நிறைந்தவை. அரசியல் மோதல்களில் இறந்தவர்களின் எண்ணிக்கை முந்தைய பத்தாண்டுகளைவிட அதிகம் என்பது பலருக்கும் நினைவில் இருப்பதில்லை. 1993 ஏப்ரலில் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் கிறிஸ் ஹானி தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டபோது எல்லாம் குலையும் என்றே பலர் அஞ்சினர். மாறாக, தேர்தல் தேதி விரைவாக முடிவாயிற்று. 1994 ஏப்ரல் இறுதியில் எல்லா இனத்தாரும் முதல்முறையாக ஒரே வாக்காளர்களாக வாக்களித்தனர். மே 10 அன்று மண்டேலா குடியரசுத் தலைவரானார். அந்த மாதமே பாதுகாப்புச் சபை ஆயுதத் தடையை நீக்கியது. ஜூன் 1 அன்று தென்னாப்பிரிக்கா காமன்வெல்த்தில் மீண்டும் சேர்ந்தது. அதே மாதம், 1974-இல் ஐ.நா. பொதுச்சபை அதன் பிரதிநிதிகளை ஏற்க மறுத்ததிலிருந்து இருபதாண்டாகக் காலியாக இருந்த தன் இருக்கைக்குத் திரும்பியது.