ஒரு கட்டை: கெடாவில் ஒரு சுரத்தின் பெயர்கள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ பஜனைக் குழு பாட உட்கார்ந்தால் ஆர்மோனியக்காரர் முதலில் கேட்பது, "எத்தனை கட்டை?" என்பதுதான். "ஒன்று" என்றால் 'ஸி' சுரத்துக்குரிய வெள்ளைக் கட்டை அழுந்தும். அதே ஒலி தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு 'டோ'. பாடகருக்கு அப்போதைய 'ச'. தோட்டமும் பட்டணமுமாக வாழ்ந்த கெடா தமிழரிடையே இப்பெயர்கள் ஒன்றாகப் புழங்கினாலும், இவை ஒரே வகைப் பெயர்கள் அல்ல.

குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழும், ச ரி க ம ப த நி என்ற ஏழும் உறவைச் சொல்பவை. ஆதார சுருதி எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதான் மற்றவற்றுக்கு இடம். ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த குடுமியான்மலைக் கல்வெட்டு சுரவரிசைகளை நுணுக்கமாக வரிசைப்படுத்துகிறது. எந்த உயரத்தில் பாடுவது என்று அது சொல்வதில்லை. பதினேழாம் நூற்றாண்டில் வேங்கடமகி வகுத்த 72 மேளங்களுக்கும் அந்தக் கவலை கிடையாது. பாடுபவரின் குரல்வளமே அதை முடிவுசெய்தது.

இந்த மரபில் ஓர் ஒலிக்கு நிலையான முகவரி கொடுத்தது 'கட்டை'. ஐரோப்பிய மிதி ஆர்மோனியத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ், தரையில் அமர்ந்து கையால் துருத்தி இயக்கும் பெட்டியாக மாற்றினார். அதன் வெள்ளைக் கட்டைகளை ஸியிலிருந்து எண்ணினால் ஒன்று முதல் ஏழு. இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரைக் கட்டையைத் தேடினால் கிடைக்காது. மூன்றுக்கும் நான்குக்கும் இடையே இருப்பதே அரைச்சுர இடைவெளிதான் என்பதால் அங்கே கறுப்புக் கட்டைக்கு இடமில்லை. ஏழரையும் அப்படித்தான். (சனி பிடிக்காத இசை!) பண்டிதர் வகுத்ததல்ல இது, பெட்டியைப் பார்த்து விரல் எண்ணிய கணக்கு. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கி 1971இல்தான் தளர்த்தியது. அந்த விலக்கு நாடகக் கொட்டகையையோ பஜனை மடத்தையோ தொடவில்லை.

கோயில் நாயனத்தையும் இந்த எண்ணே அளந்தது. குழல் நீண்டால் சுருதி இறங்கும். குட்டையான திமிரி நான்கு, ஐந்து கட்டை பேசும். நீண்ட பாரி இரண்டு, இரண்டரை. பாரி பரவியதில் டி. என். ராஜரத்தினம் பிள்ளைக்கும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரிக்கும் பெரும் பங்குண்டு. திமிரியில் சுத்த மத்திமத்தைத் துளையிலிருந்து நேராக எடுக்க முடியாது. மூச்சாலும் உதட்டாலும் சரிக்கட்ட வேண்டும். பாரியில் அது துளையிலேயே அமைந்தது. கெடா கோயில் ஒன்றில் 'இரண்டரைக் கட்டை நாயனம்' என்று சொல்லும்போது, உண்மையில் ஆச்சா மரக் குழலின் நீளத்தைத்தான் ஆர்மோனியக் கணக்கில் சொல்கிறார்கள்.

'டோ' பள்ளிக்கூடத்து வழியாக வந்தது. இங்கிலாந்தின் ஜான் கர்வன் பரப்பிய முறையில் அதுவும் 'ச'வைப் போல நகரக்கூடிய உறவுப் பெயரே. 1983இல் மலேசியாவெங்கும் நடைமுறைக்கு வந்த புதிய தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்தில் இசை இடம்பெற்றது. ரெக்கார்டர் வகுப்புக்குள் வந்தது. அந்தக் குழலின் துளைகள் எல்லாவற்றையும் மூடி ஊதினால் ஸி ஒலிக்கும். அதை டோ என்றே பழகிய பிள்ளைக்கு டோவும் ஓர் இடமாக உறைந்துபோகிறது. தாத்தாவின் கட்டையும் பேரனின் டோவும் ஒன்றானது இப்படித்தான் என்பது என் கருத்து.

அந்த இடமும் அசையாதது அல்ல. 1859இல் பிரான்ஸ் 'ஏ' சுரத்தை நொடிக்கு 435 அதிர்வுகளாக வரையறுத்தது. 1939இல் லண்டன் மாநாடு 440ஐ ஏற்றது. முதல் அளவில் ஒரு கட்டை ஏறக்குறைய 258.7, இரண்டாவதில் 261.6. இவ்வாறு சுருதி சேர்த்த இரு பெட்டிகளைச் சேர்ந்து ஒலிக்கவிட்டால் நொடிக்கு மூன்று முறை ஒலி அலையும்.

அலோர் ஸ்டாரின் அரச இசைக்கூடமான பாலாய் நோபாட்டில் அரச மரபுக்காக ஊதப்படும் செருனாய், நாயனத்தைப் போலவே சீவாளி வைத்த குழல். ஆனால் கட்டைக் கணக்கு அந்தப் பக்கம் போகவே இல்லை.

இப்போது தாளத்தோடு கீபோர்டும் வந்துவிட்டது. அதில் சுருதி மாற்றும் பொத்தானை இரண்டு படி ஏற்றினால், விரல் முதல் கட்டையில் இருக்க, ஒலி இரண்டு கட்டையில் கேட்கும். வாசிப்பவர் எந்தச் சுருதிக்கும் அதே கட்டையைச் 'ச' என்று வைத்துக்கொள்கிறார். பாடகர் "நாலரை" என்று கேட்டால் அவர் தேடுவது கறுப்புக் கட்டையை அல்ல, பொத்தானை.