சித்தன்னவாசல் அறிவர் கோயில்: பாதுகாப்பு

புதுக்கோட்டை மாவட்டத்துச் சமணக் குடைவரை. 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் அவனிபசேகர ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அகமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்ததை இங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. ஆகவே பழுதுபார்ப்பு இக்கோயிலுக்குப் புதிதன்று. இன்றைய முன்மண்டபத் தூண்கள் 20ஆம் நூற்றாண்டில் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தப்பட்டவை. இது மூலவடிவைச் சிதைப்பதாகாதா என்று கேட்கலாம். வெயிலும் சாரலும் உள்ளே ஓவியம் தீட்டிய சுண்ணச்சாந்தில் நேரே படாமல் தடுப்பதால் அந்தச் சேர்க்கை தகும். ஓவியத்தின்மேல் மறுபடி வண்ணம் தீட்டுவதற்கு இந்த நியாயம் பொருந்தாது. விதானத்துத் தாமரைக் குளத்தில் மீனும் எருமையும் யானையும், இடையே பூப்பறிக்கும் மூவரும் மங்கியிருக்கலாம். ஆனால் அந்தக் கோடுகள் பழைய ஓவியனுடையவை. அவற்றின்மேல் புது வண்ணம் ஏறினால் அவன் கை என்றென்றைக்கும் மறைந்துபோகும். பார்வையாளருக்குத் தெளிவு வேண்டுமெனில், அருகில் நல்ல நகலோவியம் ஒன்று வைத்தால் போதும்.