கல்லூரி இணையத்தளங்களின் அணுகுதன்மை

கல்லூரி இணையத்தளங்களின் அணுகுதன்மை என்பது, பார்வையற்றோர், செவித்திறன் குறைந்தோர், கைகளை இயக்க இயலாதோர் உள்ளிட்ட எவரும் பிறர் துணையின்றிப் பயன்படுத்தத்தக்க வகையில் ஒரு கல்லூரியின் இணையப் பக்கங்கள் அமைந்திருப்பதைக் குறிக்கும். டபிள்யூ3சி அமைப்பு 1999 மே மாதத்தில் வெளியிட்ட வலை உள்ளடக்க அணுகுதன்மை வழிகாட்டி இத்துறையின் அடிப்படை ஆவணமாகும். இதன் 2.0 பதிப்பு 2008 திசம்பரிலும், 2.2 பதிப்பு 2023 அக்டோபரிலும் வெளிவந்தன. செங்கல்பட்டு மாவட்டத்துக் கல்வி நிறுவனங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு, தமிழ்ப் பக்கங்களுக்கே உரிய சிக்கல்கள் இங்கு விளக்கப்படுகின்றன.

பயனர்கள்

வடிவமைப்புக்கு முன் எழ வேண்டிய கேள்வி, பக்கத்தைத் தேடி வருபவர் யார் என்பதாகும். முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் தேசிய பல்குறைபாடுடையோர் மேம்பாட்டு நிறுவனம் சிறப்புக் கல்வி ஆசிரியர்களுக்கான படிப்புகளையும் நடத்துகிறது. இத்தகைய நிறுவனத்தை நாடுவோரில் மாற்றுத்திறனாளிகளும் அவர்தம் பெற்றோரும் முதன்மையானவர்கள். அரசு கலைக் கல்லூரியில் சேர விரும்பும் சிற்றூர் மாணவரோ கைபேசியின் சிறு திரையில் கடைசி நாளையும் கட்டணத்தையும் தேடுவார். இவ்விரண்டும் முகப்பிலேயே எழுத்தாக இருத்தல் வேண்டும். முதல்வரின் படம் பிறகு வரலாம்.

தமிழ் எழுத்துகளும் திரைபடிப்பானும்

திரைபடிப்பான் என்பது திரையிலுள்ள எழுத்துகளை ஒலியாக மாற்றும் மென்பொருளாகும். ஆத்திரேலியாவில் 2006 இல் தொடங்கப்பட்ட என்விடிஏ கட்டற்றதாகவும் இலவசமாகவும் கிடைக்கிறது. அதனுடன் வரும் ஈஸ்பீக் பேச்சொலிப் பொறி தமிழையும் படிக்கும். ஆயினும் பக்கம் ஒருங்குறியில் இருந்தால் மட்டுமே இது இயலும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைக்கப்பட்டிருந்தன. அவ்வெழுத்துருவில் தட்டச்சு செய்த "அம்மா" என்ற சொல் கண்ணுக்குச் சரியாகத் தெரியும். கணினிக்கோ அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளே. தமிழ்நாடு அரசு 2010 சூனில் ஒருங்குறியை ஏற்றது.

ஒருங்குறிக்கு மாறிய பின்னரும், சேர்க்கை அறிவிப்பை அச்சிட்டு, முத்திரையிட்டு, ஒளிவருடிப் படமாக ஏற்றினால் பழைய நிலையே திரும்பும். திரைபடிப்பானுக்கு அது வெற்றுத்தாள்; அதைப் படிக்க இயலாத மாணவர் விண்ணப்பிக்கும் நாளைத் தவறவிடக்கூடும். மூலக் கோப்பின் எழுத்துகளையே பக்கத்தில் இடுவது இதைவிட எளிது. பக்கத்தின் மொழி தமிழ் என நிரலில் குறிப்பதும் தேவை. இல்லையேல் ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்க முயன்று தடுமாறலாம்.

படங்களுக்கான மாற்றுரை

படத்தைக் காண இயலாதவருக்காக அதன் பொருளைக் கூறும் சிறு குறிப்பு மாற்றுரை எனப்படும். ஒரே படத்துக்கும் பயனரைப் பொறுத்து இது வேறுபடும். மாமல்லபுரத்து அருச்சுனன் தவச் சிற்பத்தைக் கல்லூரியின் அமைவிடத்தைக் காட்ட மட்டும் பயன்படுத்தினால் அதன் பெயரே போதுமானது. 1957 இல் அவ்வூரில் தொடங்கப்பட்ட அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி போன்ற ஒன்றின் பாடப் பக்கத்தில், பாறையின் இயற்கைப் பிளவு, அதன் இருபுறமும் அமைந்த உருவங்கள், ஒற்றைக்காலில் நிற்கும் தவசி, வலப்புற யானைகள் ஆகியவற்றைக் கூற வேண்டியிருக்கும். "படம் 1" என்பது மாற்றுரை ஆகாது.

சட்ட நிலை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறிப்பிட்ட அளவு குறைபாடுடையோருக்குக் குறைந்தது 5 விழுக்காடு இடங்களை ஒதுக்குகிறது. அதன் 42 ஆம் பிரிவு தகவல் தொழில்நுட்ப அணுகலைப் பற்றியது. எண்ணிம அணுகல் அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என இந்திய உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது.

எளிய சோதனை

சுட்டியைக் கழற்றிவிட்டு, விசைப்பலகையின் தத்தல் விசையை மட்டும் கொண்டு விண்ணப்பப் படிவம் வரை செல்ல முயல்வது முதற்கட்டச் சோதனையாகும். அடுத்து, திரையை அணைத்துத் திரைபடிப்பானைக் கேட்கலாம். எனினும் அதை நாள்தோறும் பயன்படுத்தும் மாணவர் ஒருவரே பிழைகளை விரைவில் கண்டறிவார்.