காத்திருப்பை அச்சடித்த ஊர்

2023 ஜூனில் 'ஸ்பைடர்மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்-வெர்ஸ்' என்ற அனிமேஷன் படம் தமிழ் உட்படப் பத்து மொழிகளில் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. 2004-இல் காமிக்ஸ் புத்தகத்தில் பிறந்த இந்திய ஸ்பைடர்மேன் பவித்ர் பிரபாகர் அதில் திரையேறினான். படமோ கதையின் நடுவிலேயே முடிந்தது. 2024-க்கு அறிவித்த அடுத்த பாகம் 2027-க்குத் தள்ளிப்போனது. முன்னோட்டத் துணுக்குகளை அலசிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் ரசிகர் கூட்டத்தை இணையமும் விளம்பரமும் பெற்ற பிள்ளை என்று பலரும் சொல்வார்கள். சிவகாசியின் காமிக்ஸ் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. இந்தக் காத்திருப்பு ஓர் அச்சுத் தொழில் பழக்கிவிட்ட வழக்கம். தமிழ்நாட்டில் அதற்கு அரை நூற்றாண்டு வயது.

சிவகாசி வட்டாரத்தின் பிழைப்பே பிறர் எதிர்பார்க்கும் நாட்களைச் சார்ந்தது. ஒரு தீபாவளி முடிந்ததும் அடுத்த தீபாவளிக்கான பட்டாசு வேலை தொடங்கிவிடும். ஆடிப்பெருக்கன்று வெளிவரும் மாதிரி ஆல்பத்தோடு மறு ஆண்டுக் காலண்டர் ஆர்டர்கள் சேரத் தொடங்கும். 1920களில் இங்கு வேரூன்றிய தீப்பெட்டித் தொழிலுக்கு வண்ண லேபிள் தேவைப்பட்டது. லேபிளுக்காக வந்த அச்சகங்கள் பட்டாசுக் கட்டு, காலண்டர், வாழ்த்து அட்டை என்று பெருகின. அந்த அச்சு உலகிலிருந்துதான் 1972-இல் சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி: மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து எஃகுக் கை மட்டும் தெரியும் மனிதன். 1984-இல் சௌந்திரபாண்டியனின் மகன் விஜயனை ஆசிரியராகக் கொண்டு லயன் காமிக்ஸ் வந்தது. குற்றச் சக்கரவர்த்தியாக நுழைந்து நல்லவனாக மாறிய ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் அல்ல) அதில் புகழ்பெற்றான். அவனுடைய கதைகள் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல்.

இந்த நாயகர்கள் எல்லாரும் பிரிட்டனிலிருந்து இரவல் வந்தவர்கள்தானே, இதில் சிவகாசியின் பங்கு மையும் காகிதமும் தவிர வேறென்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 1962-இல் 'வேலியண்ட்' வார இதழில் தொடங்கிய மாயாவி கதை வாரத்துக்குச் சில பக்கங்களாகத்தான் அங்கே வந்தது. பிரிட்டிஷ் சிறுவன் ஒரே கதையின் அடுத்த கட்டத்துக்காகக் காத்திருந்தான். சிவகாசி அந்தத் துண்டுகளைச் சேர்த்து முழுக்கதையாக ஒரே புத்தகத்தில் கொடுத்தது. ஆகவே தமிழ் வாசகரின் காத்திருப்பு அடுத்த புத்தகத்தின் மேல் விழுந்தது. அடுத்த வெளியீட்டு விளம்பரத்தில் கண்ட ஒரு பெயரையும் ஒரு படத்தையும் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கதையைக் கற்பனை செய்தார். அதன்மேல் தீபாவளி மலர், கோடை மலர் என்று ஊரின் தொழிற்பருவத்தையும் பள்ளி விடுமுறையையும் ஒட்டிய சிறப்பிதழ்கள் வந்தன. நாயகர்கள் இரவல் என்றாலும் காத்திருக்கும் முறை இந்த ஊரில் உருவானது.

அன்று வேறு பொழுதுபோக்கு இல்லாததால் காத்திருந்தார்கள் என்பது இன்னும் கூர்மையான மறுப்பு. தொலைக்காட்சி வீடுதோறும் நுழைந்தபின் வாசகர் குறைந்ததும், 2000களில் இதழ்கள் சீராக வராமற்போனதும் இதற்குச் சாதகமான சான்றுகள். ஆனால் பற்றாக்குறை மட்டுமே காரணமானால், இணையமும் ஹாலிவுட் சூப்பர் ஹீரோக்களும் மலிந்த காலத்தில் அந்த வழக்கம் செத்திருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறு. 18 பாகங்களை ஒரே தொகுப்பாக்கிய 'இரத்தப் படலம்' காமிக்ஸ் 2010-இல் முன்பதிவை நம்பி அச்சானது. 2012-இல் 'கம்பேக் ஸ்பெஷல்' என்ற சிறப்பிதழ் வந்தது. சந்தாவும் முன்பதிவும் அதன்பின் பதிப்பகத்தின் முதுகெலும்பாயின. சினிமா ரசிகர் படம் எடுத்து முடிக்கப்பட்ட பின்பே டிக்கெட் வாங்குகிறார். சிவகாசியின் வாசகர் அச்சு ஓடுமுன்பே பணம் கட்டுகிறார். எத்தனை பிரதி என்பதையே அவருடைய பொறுமை தீர்மானிக்கிறது. அவரை வெறும் நுகர்வோர் என்று ஒதுக்க முடியாது.

இவை நடுவயதினரின் பழைய நினைவுகள் என்போரும் உண்டு; அதில் உண்மையும் உண்டு. இயக்குநர் லோகேஷ் கனகராஜ் 'இரும்புக்கை மாயாவி' என்ற பெயரில் படமெடுக்கும் பேச்சு வரும்போதெல்லாம் முதலில் நிமிர்பவர்கள் அந்தத் தலைமுறையினரே. ஆயினும் எடுக்காத ஒரு படத்துக்குப் பெயர் ஒன்றே எதிர்பார்ப்பைத் திரட்டுகிறது என்றால், அந்தச் சந்தையை அரை நூற்றாண்டுக்கு முன்பே யாரோ கட்டிவைத்திருக்கிறார்கள் என்று பொருள். சிவகாசியின் மேல் வைக்கத்தக்க குறை வேறொன்று. அச்சு இயந்திரம், விநியோகம், முன்பணம் கட்டும் வாசகர் என எல்லாம் கைவசம் இருந்தும், உலகம் திரும்பிப் பார்க்கும் சொந்த நாயகன் ஒருவனை அது உருவாக்கவில்லை. இந்திய ஸ்பைடர்மேன்கூட அமெரிக்க உரிமத்தின் கீழ்தான் பிறந்தான். தமிழில் நாளை ஒரு சூப்பர் ஹீரோ அனிமேஷன் படம் வந்தால் அதற்கான ரசிகரைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. தேட வேண்டியது கதையைத்தான்.