தந்தி சுருங்கிற்று, தலைகள் உருண்டன!

மன்னர் உலவினார், தூதுவர் எதிர்ப்பட்டார், இருவரும் பேசினர், பிரிந்தனர். நடந்தது இவ்வளவே! ஆனால் அடுத்த ஆறு நாட்களில் ஐரோப்பாவின் இரு பெரும் வல்லரசுகள் வாளுருவி நின்றன. இடையே நுழைந்தது எது? ஒரு தந்தி. அதுவும் முழுத்தந்தி அன்று, கத்தரிக்கப்பட்ட தந்தி!

வரலாற்றுப் பாடநூல்களில் இந்த எம்ஸ் தந்திக்குக் கிடைக்கும் இடம் ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி. "பிஸ்மார்க் தந்தியைத் திருத்தினார், போர் மூண்டது" என்று மாணவன் மனப்பாடம் செய்கிறான், மதிப்பெண் பெறுகிறான், மறந்துவிடுகிறான். எப்படித் திருத்தினார், திருத்திய சொற்கள் படித்தவன் நெஞ்சில் எப்படி வேலை செய்தன என்பதை எவரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால், காலையில் செய்தித்தாளைக் கையிலெடுக்கும்போது நம் இளைஞனின் கண் இன்னும் சற்றுக் கூர்மை பெற்றிருக்கும். ஆகவே அந்த ஒரு வரியை விரித்துப் பார்ப்போம்.

1868-ஆம் ஆண்டுப் புரட்சியில் ஸ்பெயின் நாட்டு அரசி இரண்டாம் இசபெல்லா முடியிழந்தார். காலியான அரியணைக்கு ஆள் தேடினர். பிரஷ்ய மன்னர் வில்லியமின் குலத்தைச் சேர்ந்த லியோபோல்டு இளவரசரின் பெயர் 1870 ஜூலைத் தொடக்கத்தில் வெளியாயிற்று. பிரான்சு துடித்தது. கிழக்கே பிரஷ்யா, தெற்கே ஸ்பெயின், இரு பக்கமும் ஒரே குலத்தின் ஆட்சியா என்று பாரிசு ஏடுகள் கொதித்தன. வெளியுறவு அமைச்சர் கிராமோன் கோமகன் ஜூலை 6-ஆம் நாள் நாடாளுமன்றத்தில் எச்சரிக்கை முழக்கமிட்டார். அந்த முழக்கத்துக்குப் பலன் கிடைத்தது. ஜூலை 12-இல் லியோபோல்டின் தந்தை தம் மகன் போட்டியிலிருந்து விலகுவதாக அறிவித்துவிட்டார். பிரான்சுக்கு வெற்றி! ஒரு துளி குருதியும் சிந்தாத வெற்றி! அத்துடன் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. "இனி எந்நாளும் இத்தகைய போட்டிக்கு இசைவு தரமாட்டேன் என்று மன்னர் உறுதி கூறவேண்டும்" என்று பாரிசிலிருந்து தூதுவர் பெனெடெட்டிக்கு ஆணை பறந்தது. வென்றவன் எதிரியின் மூக்கையும் தரையில் தேய்க்க ஆசைப்பட்டான்!

மன்னர் அப்போது தங்கியிருந்தது எம்ஸ் என்னும் நீரூற்று நகரில். ஜூலை 13 காலை, பூங்காவில் உலவிக்கொண்டிருந்தவரைத் தூதுவர் கண்டார், உறுதிமொழி கேட்டார், மீண்டும் வற்புறுத்தினார். என்றென்றைக்குமாக இப்படி ஓர் உறுதி தருவது முறையும் அன்று, இயல்வதும் அன்று என்று மன்னர் மறுத்தார். விலகல் பற்றிய செய்தி தமக்கு இன்னும் வந்து சேரவில்லை என்றும் சொன்னார். பிறகு அச்செய்தி மன்னருக்குக் கிட்டியது. அதை உறுதிப்படுத்தித் தம் படைத்துறைத் துணைவர் மூலம் தூதுவருக்குச் சொல்லியனுப்பினார். இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை என்றும் தெரிவித்தார். மறுநாள் மன்னர் புறப்பட்டபோது புகைவண்டி நிலையத்தில் இருவரும் மரியாதையுடனேயே விடைபெற்றுக்கொண்டனர். அவமதித்தவரும் இல்லை, அவமதிக்கப்பட்டவரும் இல்லை!

நடந்தவற்றை மன்னரின் அலுவலர் ஆபெக்கன் ஒரு நீண்ட தந்தியாக எழுதிப் பெர்லினில் இருந்த பிஸ்மார்க்குக்கு அனுப்பினார். பொருத்தம் எனத் தோன்றினால் ஏடுகளுக்கும் தூதரகங்களுக்கும் தெரிவிக்கலாம் என்ற இசைவும் அதில் இருந்தது. மூலத்தந்தி தேனும் பாலுமாக இருந்தது என்று நாம் சொல்லவரவில்லை. தூதுவர் தொந்தரவு கொடுத்ததாகவும், தாம் இறுதியில் சற்றுக் கடுமையாகவே மறுத்ததாகவும் மன்னர் அதில் குறித்திருந்தார். ஆனால் அதில் காரணம் இருந்தது, வரிசை இருந்தது, பேச்சு இன்னும் தொடரலாம் என்ற தொனியும் இருந்தது.

அன்று மாலை பிஸ்மார்க்கின் மேசையில் உணவருந்த அமர்ந்திருந்தவர்கள் இருவர். ஒருவர் படைத்தலைமையர் மோல்ட்கே. மற்றவர் போர் அமைச்சர் ரூன். லியோபோல்டு விலகியது பிரஷ்யாவுக்குத் தோல்வி என்று மூவர் முகமும் வாடியிருந்தது, உணவு இறங்கவில்லை. அந்நேரம் தந்தி வந்தது. பிஸ்மார்க் படித்தார், படை ஆயத்தமா என்று மோல்ட்கேயைக் கேட்டார், எழுதுகோலை எடுத்தார், வெட்டினார். வெட்டிய பின் உரக்கப் படித்தார். இருவருக்கும் பசி திரும்பியது என்று தம் நினைவுக் குறிப்புகளில் அவரே எழுதிவைத்திருக்கிறார். அவர் மறைந்தபின் 1898-இல் வெளியான நூல் அது. பல்லாயிரவர் மாளப்போகும் செய்தி கேட்டு மூவருக்குப் பசி திரும்பிற்றாம்!

என்ன வெட்டினார்? மன்னர் தந்த விளக்கத்தை வெட்டினார். விலகலை உறுதிப்படுத்தி மன்னர் அனுப்பிய நல்ல சேதியை வெட்டினார். காலைப் பேச்சுக்கும் பின்னர்ச் சொல்லியனுப்பியதற்கும் இடையே கடந்த பொழுதை வெட்டினார். எஞ்சியது இதுதான்: விலகல் செய்தி முறைப்படி பிரான்சுக்குத் தெரிவிக்கப்பட்ட பின்னும் தூதுவர் மேலும் ஓர் உறுதி கேட்டார்; மன்னர் அவரை மீண்டும் காண மறுத்தார்; இனிச் சொல்ல ஒன்றுமில்லை என்று துணைவர் மூலம் சொல்லியனுப்பினார். கேட்டார், மறுத்தார்! கதவு தட்டப்பட்டது, முகத்தில் அறைந்து சாத்தப்பட்டது!

தாம் சொற்களை நீக்கினாரேயன்றி ஒன்றையும் சேர்க்கவில்லை, மாற்றவில்லை என்பது பிஸ்மார்க்கின் பெருமைப் பேச்சு. அதையும் அப்படியே நம்பவேண்டியதில்லை. திருத்திய தந்தியின் தொடக்க வாக்கியம் மூலத்தில் இல்லாதது. பிரான்சின் கோரிக்கை அடாவடியாகத் தோன்றுமாறு அவரே முன்னால் நிறுத்தியது அது. எனினும் முழுப்பொய் என்று சுட்டிக்காட்டத்தக்க ஒரு சொல்லும் அந்தத் தந்தியில் இல்லை. நாம் கவனிக்கவேண்டிய இடம் இதுவே. பொய்யைப் பிடிப்பது எளிது. மறுப்பு ஒன்று வந்தால் பொய் மடிந்துவிடும். குறைத்துச் சொல்லப்பட்ட உண்மையை எதைக் கொண்டு மறுப்பது?

அன்றிரவே பெர்லின் தெருக்களில் தனியிதழாகத் தந்தி பரவியது. பிரஷ்யத் தூதரகங்களுக்கும் பறந்தது. அதைப் படித்த ஜெர்மானியன், "நம் முதுபெரும் மன்னரை ஒரு பிரெஞ்சுக்காரன் வழிமறித்து மிரட்டினானா!" என்று பல்லைக் கடித்தான். அதையே படித்த பிரெஞ்சுக்காரன், "நம் தூதுவரை ஒரு மன்னன் வாயிற்படியில் நிறுத்தி விரட்டினானா!" என்று மீசையை முறுக்கினான். தந்தி ஒன்று, அவமானம் இரண்டு! போதாக்குறைக்கு மொழிபெயர்ப்பும் தன் பங்கைச் செய்தது. ஜெர்மானிய மொழியில் 'அட்ஜுடன்ட்' என்றால் மன்னரின் அருகிருக்கும் உயர்நிலைப் படைத்துறைத் துணைவர். பிரெஞ்சுப் படையிலோ அதே சொல் அதிகாரி நிலைக்கும் கீழ்ப்பட்ட ஒரு பதவி. சொல்லை மாற்றாமல் அப்படியே பிரெஞ்சு ஏடுகள் அச்சிட்டன. தூதுவரிடம் போனவர் ஓர் இளவரசர். பாரிசு மக்கள் மனக்கண்ணில் கண்டதோ ஒரு கடைநிலைச் சிப்பாய்!

இந்த இரண்டு பாடங்களையும் வகுப்பில் ஒருமுறை சோதித்துப் பார்த்தோம். நாட்டின் பெயரை நீக்கி, ஆளின் பெயரை நீக்கி, நீண்ட தந்தியைப் பாதி மாணவர்க்கும் குறுகிய தந்தியை மீதிப் பேருக்கும் கொடுத்து, "இவர்களுக்குள் சண்டை மூளுமா?" என்று கேட்டோம். நீண்டதைப் படித்தவர்கள், "பேசித் தீர்த்துக்கொள்வார்கள் ஐயா" என்றனர். குறுகியதைப் படித்தவர்கள் சண்டை உறுதி என்றனர். யார் பக்கம் நியாயம் என்பதில் அவர்களுக்குள்ளேயே சச்சரவு மூண்டது! பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் செய்யும் வேலையைத்தான் அந்தத் தாள் பாரிசிலும் பெர்லினிலும் செய்தது.

ஜூலை 15-இல் பிரெஞ்சு நாடாளுமன்றம் கூடியது. தெருவில் "பெர்லினுக்கு! பெர்லினுக்கு!" என்ற கூச்சல். முதியவர் தியேர் எழுந்தார். கேட்டது கிடைத்துவிட்டதே, வெறும் முறைமைக்காகவா குருதி சிந்துவது என்றார். மூல ஆவணங்களைக் காட்டுங்கள் என்றார். அவரைத் துரோகி என்று ஏசினர். ஆவணம் காட்டப்படவில்லை. இலேசான உள்ளத்தோடு பொறுப்பேற்கிறோம் என்றார் அரசின் தலைவர் ஒலிவியே. ஜூலை 19-இல் போர்ப்பிரகடனம்! செப்டம்பர் 2-இல் செடானில் பேரரசர் மூன்றாம் நெப்போலியனே சிறைப்பட்டார். முற்றுகையிடப்பட்ட பாரிசில் மக்கள் எலியைத் தின்றனர். இரு தரப்பிலும் இலட்சத்துக்கு மேற்பட்ட வீரர் மாண்டனர். 1871 ஜனவரி 18-இல் வெர்சேல்ஸ் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் ஜெர்மன் பேரரசு முழங்கப்பட்டது. அல்சாசு, லொரேன் பகுதிகள் பறிபோயின. தண்டம் 500 கோடி பிராங்கு. அந்தப் பகை ஆறவில்லை. 1919-இல் பிரான்சு அதே மண்டபத்தில் ஜெர்மனியைக் கையெழுத்திட வைத்தது.

தந்தி ஒன்றே போரை உண்டாக்கியது என்று சொன்னால் அதுவும் ஒரு கத்தரிப்பே ஆகும். இரு அரசுகளிலும் போரை விரும்பியவர்கள் இருந்தனர். காரணங்கள் முன்பே குவிந்திருந்தன. குவிந்த வைக்கோலுக்குத் தீக்குச்சி ஆயிற்று தந்தி. அந்த வெறிக்கிடையிலும் அறிவிழக்காதவர்கள் இருந்தனர். போர்ச்செலவுக்கான வாக்கெடுப்பில் கலந்துகொள்ளாமல் ஒதுங்கினர் ஆகஸ்டு பெபலும் வில்லியம் லீப்னெக்டும். 1872-இல் இராசத்துரோக வழக்கில் இருவருக்கும் ஈராண்டுக் கோட்டைச் சிறை. அந்த லீப்னெக்டு பின்னர் எழுதிய சிறுநூலின் தலைப்பு: எம்ஸ் தந்தி அல்லது போர்கள் எப்படி உண்டாக்கப்படுகின்றன! மூலத்தந்தி 1892-இல்தான் ஜெர்மன் நாடாளுமன்றத்தில் படிக்கப்பட்டது. உண்மை வந்தது, இருபத்திரண்டு ஆண்டு தாமதித்து, கல்லறைகளின் மேல் ஏறி வந்தது!

பழங்கதை என்று சிலர் புன்னகைக்கலாம். 1964 ஆகஸ்டில் டோங்கின் வளைகுடாவில் என்ன நடந்தது? 2-ஆம் நாள் வட வியத்நாம் படகுகள் அமெரிக்கக் கப்பலைத் தாக்கியது மெய். 4-ஆம் நாளும் தாக்கின என்று செய்தி பரவியது. வழக்கமான சுற்றுக்காவலில் இருந்த கப்பல் காரணமின்றித் தாக்கப்பட்டது என்று மக்கள் படித்தனர். சில நாட்களுக்கு முன் வட வியத்நாமின் தீவுகள்மீது அமெரிக்க உதவியுடன் தெற்கிலிருந்து நடந்த இரகசியத் தாக்குதல் அச்செய்தியிலிருந்து வெட்டப்பட்டிருந்தது. 7-ஆம் நாள் அமெரிக்க மேலவையில் மறுத்து வாக்களித்தவர் இருவரே, கீழவையில் ஒருவருமில்லை. 4-ஆம் நாள் தாக்குதலே நடக்கவில்லை என்று கூறும் அமெரிக்க உளவுத்துறையின் சொந்த ஆய்வு 2005-இல் வெளியாயிற்று. கத்தரிக்கோல் அதே கத்தரிக்கோல். பிடித்த கைதான் வேறு!

தோழர்களே! நாட்டுக்கு நாடு நடக்கும் பேச்சைப் பற்றி ஒரு செய்தி வந்து, படித்தவுடன் குருதி சூடேறுமானால், அந்தச் சூட்டையே முதல் எச்சரிக்கையாகக் கொள்வோம். பிறகு கேட்போம்: முழுப்பேச்சு எங்கே? இதற்கு முதல்நாள் நடந்தது என்ன? 'கேட்டார்' என எழுதலாமே, 'மிரட்டினார்' என எழுதியது ஏன்? ஒரு தூதுவர்க்கு நேர்ந்ததை ஒரு நாட்டுக்கே நேர்ந்ததாக ஆக்கியது யார்? எதிர் நாட்டு மக்கள் இதே செய்தியை எப்படிப் படிப்பார்கள்? இதைக் கொடுத்தவருக்கு இதனால் வரும் ஆதாயம் என்ன? தியேர் கேட்டதுபோல் ஆவணத்தைக் கேட்பவனைத் துரோகி என்கிறார்களா? அப்படியானால் ஆவணத்தில் ஏதோ இருக்கிறது!

இந்தக் கேள்விகளை நமக்குப் பிடிக்காத ஏட்டிடம் மட்டும் கேட்பது பகுத்தறிவு ஆகாது. பெர்லின்காரன் பாரிசு ஏட்டைச் சந்தேகித்தான். பாரிசுக்காரன் பெர்லின் ஏட்டைச் சந்தேகித்தான். தன் ஏட்டைச் சந்தேகித்தவன் இரு பக்கமும் ஒரு சிலனே. ஓலையில் எழுதியதாலேயே உண்மையாகிவிடாது என்று துணிந்து கேட்ட நாம், அச்சில் வந்ததாலேயே உண்மையாகிவிடும் என்று அடங்கிவிடலாமா? நம் கருத்துக்கு இனிக்கும் செய்தியையே முதலில் உரசிப் பார்ப்போம்.

பிஸ்மார்க்கின் மேசையில் மூவருக்குப் பசி திரும்பியது. அன்று அந்தத் தாளைப் படித்த இலட்சக்கணக்கானோர் மூலத்தைக் காட்டு என்று ஒரே குரலில் கேட்டிருந்தால், அந்த உணவு அவர்களுக்கு இறங்கியிருக்குமா?